வுல்ஃபெண்டால் மேட்டில ஒரு பழைய வீடு பாத்திருக்கிறம், அங்க இருந்த ஆக்கள் சொல்லுங்கோவன்

தாவடி மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இப்ப வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட்டில வாடகைக்கு இருக்கிறம். இவருக்கு வேலை கோட்டையில, நான் வீட்டில இருந்தே வேலை, மகள் அடுத்த வருசம் முதலாம் ஆண்டுக்குப் போறா. அக்ரிமென்ட் புதுப்பிக்கேக்க எல்லாம் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுறார், இனி ஏலாது எண்டு கொழும்பு 13, கொட்டாஞ்சேனைப் பக்கம் தேடத் தொடங்கினனாங்கள், அப்பதான் இந்த வீடு அம்பிட்டுது.

ஜம்பட்டா தெருப் பக்கமிருந்து வுல்ஃபெண்டால் தேவாலயத்தை நோக்கி ஏறுற ஒரு ஒழுங்கை. வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள், முன்னுக்கு சின்ன விறாந்தை, மரத்தூண், உள்ளுக்க ஒரு நடுமுத்தம், ஓட்டுக்கூரை, சுவர் எண்டால் ஜன்னல் கட்டில ஆள் ஏறி இருக்கலாம், அவ்வளவு தடிப்பு. மத்தியானம் போனனாங்கள், ஃபேன் இல்லாமலே குளிர்ச்சி. எனக்கு அதிலயே மனம் விழுந்திட்டுது. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நடந்து போகலாம், நகைக்கடையள் இருக்கிற செட்டியார் தெருவும் நடக்கிற தூரம் (இது இவருக்குப் பிடிக்காத விசயம்).

சொந்தக்காரர் கனடாவில. அவற்றை சொந்தக்காரப் பெடியன் ஒருத்தர்தான் திறந்து காட்டினவர். விரும்பினா வாடகைக்கு எடுங்கோ, விரும்பினா வாங்குங்கோ எண்டு சொல்லுறார், விலையும் வெள்ளவத்தையோட பாக்கேக்க எவ்வளவோ குறைய, அதுதான் யோசினையாவும் கிடக்கு.

அம்மாக்கு கொட்டாஞ்சேனை எண்ட பேரைக் கேட்டவுடன வேண்டாம் எண்டிட்டா. 2007 ஜூனில கொழும்பு லொட்ஜுகளில நிண்ட எங்கட சனத்தை பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பினவங்கள் எல்லோ, பிறகு உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அந்த நேரம் அம்மான்ர தமையன் அங்கதான் லொட்ஜில நிண்டவர். அதை விடுவம். நான் கேக்கிறது, அந்த மேட்டில குடியிருக்கிறது எப்பிடி? தண்ணி வருமோ, மழைக்கு வெள்ளம் நிக்குமோ, பழைய வீட்டை நாங்கள் நினைச்ச மாதிரி மாத்த விடுவாங்களோ? இருந்த ஆக்கள், இருக்கிற ஆக்கள் ஆரும் சொல்லுங்கோ.

---

கொட்டாஞ்சேனை பொடியன்:

அக்கா நான் பொறந்து வளந்தது அங்கதான், இப்பவும் அங்கதான். மத்தவங்க வந்து பயமுறுத்துறதுக்கு முந்தி நான் சொல்லிடுறேன்.

மொதல்ல, அந்த மேட்டுல எந்த இடம்ங்கிறதுதான் எல்லாமே. மேல தேவாலயத்துப் பக்கம் இருந்தா வெள்ளம்னு ஒண்ணு உங்களுக்குத் தெரியாது, டச்சுக்காரன் சும்மா அங்க போய்க் கட்டல, 1749ல தொடங்கி 1757ல தான் பூசைக்குத் திறந்தான், கப்பல்ல வர்றவனுக்கு தூரத்துல இருந்தே தெரியுற மாதிரி கட்டினது. இப்ப மொட்டை மாடில ஏறுனாத்தான் ஹார்பர் கிரேனாவது தெரியும், அது வேற கதை. ஆனா மேல விழுற மழை எல்லாம் ஒழுங்கை வழியா கீழதானே ஓடும், அந்த நடுச் சரிவுல இருக்கிற வீடுகளுக்கு வாசப்படி ரோட்டை விட உயரமா இருக்கான்னு பாருங்க. ரோட்டுக்குத் தார் மேல தார் போட்டு போட்டு சில வீட்டு வாசல் இப்ப ரோட்டை விடப் பள்ளமாயிருச்சு, ஐப்பசி இடி மழைக்கு தண்ணி நேரா ஹோலுக்குள்ள வரும். ஆமர் வீதிப் பக்கம் இறங்கிட்டீங்கன்னா அங்க நிலைமை வேற, மழைன்னா அந்தச் சந்தியை மறந்துடுங்க.

தண்ணி குழாய்ல வரும், ஆனா மேட்டுல பகல்ல பிரஷர் கம்மி. ராத்திரி ஏறும். கீழ ஒரு சம்ப் (நிலத்தடித் தொட்டி), மேல ஒரு டாங்கி, நடுவுல ஒரு மோட்டார், இது மூணும் இல்லாத வீடுன்னா அந்தச் செலவையும் கணக்குல சேத்துக்கங்க. பழைய கூரை மேல டாங்கி வைக்க முடியாது, தனியா தூண் கட்டணும்.

சாமான் ஏத்துறது. லொறி உள்ள வராது. கேஸ் சிலிண்டர்ல இருந்து அலுமாரி வரைக்கும் கீழ இறக்கி கைவண்டிலதான், நாட்டாமைமாரை (சுமை தூக்குறவங்களை) பிடிச்சுக்கிட்டா ஒரு மணித்தியாலத்துல வீடு மாறிடலாம், சரிவுல பின்னால ரெண்டு பேர் புடிச்சுக்கிட்டு வருவாங்க பாருங்க, அது ஒரு தனி வித்தை.

சத்தம்னா விடிய பள்ளிவாசல்ல பாங்கு, பிறகு கோயில் மணி, பிறகு சேர்ச் மணி. எங்களுக்கு அலாரம் தேவையில்ல. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு சனம் வர்ற நாள், அன்னிக்கு வாகனத்துல வெளிய போற வேலை வச்சுக்காதீங்க, ஜூன் 13 திருநாள் அன்னிக்கு வீட்டுலயே இருந்திடுங்க இல்லாட்டி தேர் பாக்க வாங்க. ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவுல இருந்து கிளம்புற நாளும் அப்படித்தான். 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு கொச்சிக்கடைப் பக்கம் கொஞ்ச காலம் எல்லாரும் ஒரு மாதிரி இருந்தாங்க, இப்ப பழையபடி சனம்.

அம்மாவைக் கூட்டிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்கு வாங்க. அங்க அவங்க வயசு ஆக்கள் நாலு பேர்கூட கதைச்சா போதும், நீங்க ஒண்ணும் சொல்லத் தேவையில்ல.

---

ஹட்டன் குளிரு:

மேடுன்னு சொல்றீங்களே அண்ணே, நான் வந்து பார்த்தேன், எங்க ஊர்ல அதுக்கு பேரு சமதரைங்க. 😄 சும்மா சொன்னேன். ஜம்பட்டா தெருவுல ரூம் எடுத்து இருந்திருக்கேன், வேலைக்கு நடந்தே போயிட்டு வந்தேன், புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டும் கோட்டை ஸ்டேசனும் கிட்டங்கிறதால ஊருக்குப் போறது லேசு. தோசையும் இடியப்பமும் ராத்திரி எந்நேரத்துக்கும் கெடைக்கும். வெள்ளவத்தைல இருக்கிறவங்களுக்கு அது பெரிய விசயமில்ல போல.

---

புதுக்கடை நானா:

தங்கச்சி, நான் புதுக்கடை, உங்களுக்கு அடுத்த மேடு, கோர்ட் ஈக்கிற மேடு. நான் பில்டிங் வேலைல ஈக்கிறவன், பழைய வீடு மிச்சம் ரிப்பேர் செஞ்சி ஈக்கிறன், அதனால சுவரப் பத்தி மட்டும் சொல்றன், மத்தத மத்தவங்க சொல்லட்டும்.

நீங்க குளிர்ச்சின்னு சொன்னீங்களே, அது கபொக் கல்லு, செம்புரைக்கல்லுன்னும் சொல்வாங்க. வெட்டி எடுக்கக்குள்ள மெதுவா ஈக்கும், காத்துப் பட்டு பட்டு இறுகும், ஆனா எவ்வளவு இறுகினாலும் உள்ளுக்கு ஓட்டை ஓட்டையாத்தான் ஈக்கும், தண்ணிய உறிஞ்சும், பொறகு வெயிலுக்கு வெளிய விடும். அந்தக் காலத்து ஆக்கள் அதுக்கு மேல சுண்ணாம்பு பூசினது அதுக்குத்தான், சுண்ணாம்புக்குள்ளால ஈரம் வெளிய போகும். வுல்ஃபெண்டால் சேர்ச் சுவர் அஞ்சடி தடிப்பு, கல்லும் சுண்ணாம்பும்தான், இருநூத்தி அறுவது வருசத்துக்கு மேல நிக்கிது.

இப்ப என்ன நடக்குதுன்னா, விக்கிறதுக்கு முந்தி சீமெந்து பூசி, புட்டி வெச்சி, பளபளன்னு பெயின்ட் அடிச்சிடுவாங்க. ஈரம் உள்ளுக்க மாட்டிக்கிடும். ஒரு மழைக்காலம் போனா பெயின்ட் கொப்பளிக்கும், அடில வெள்ளை வெள்ளையா உப்புப் பூக்கும், கையால தட்டினா டொம்முன்னு சத்தம் கேக்கும். எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு ஒரு கொன்ட்ராக்ட்காரன் அப்படித்தான் வாட்டர் ப்ரூஃப்ன்னு சொல்லி வீடு முழுக்க சீமெந்து அடிச்சிட்டுப் போனான், அடுத்த வருசம் முழுசா கொத்திப் போட்டு திரும்ப சுண்ணாம்பு பூசினோம், ரெட்டைச் செலவு. முந்தி கடல் முருகைக்கல்லச் சுட்டு எடுக்கிற சுண்ணாம்பு, இப்ப கடல்ல முருகைக்கல் எடுக்கிறது தடை, அதனால தரைச் சுண்ணாம்புக்கல்லுதான், அதுவும் நல்லாத்தான் வேலை செய்யிது, ஆனா பூசத் தெரிஞ்ச பாஸ் (மேசன்) கெடைக்கிறதுதான் கஷ்டம்.

சரிவுல ஈக்கிற வீட்டுக்கு இன்னொரு விசயம் ஈக்கி, இத ஒருத்தனும் பாக்கிறல்ல. உங்கட வீட்டுக்கு மேல் பக்கம் ஈக்கிற வீட்டுக்காரன்ட பின் முத்தம் உங்கட தரைய விட உசரமா ஈக்கும். அவன் பாத்திரம் கழுவுற தண்ணி, அவன்ட முத்தத்துல ஊர்ற மழத்தண்ணி எல்லாம் உங்கட பின் சுவருக்குத்தான் வரும். அதனால மேல் பக்கத்துச் சுவருக்குப் பக்கத்துல அலுமாரி, கட்டில், தள்ளி வெச்ச ஏதாவது ஈந்தா அதத் தள்ளச் சொல்லிப் பாருங்க. வெட்கப்படாதீங்க, காசு உங்கட. பின்னுக்கு தடுப்புச் சுவர் ஈந்தா அதுல தண்ணி வடிய ஓட்டை வெச்சி ஈக்கா, அந்த ஓட்டைய ஆரும் சீமெந்து வெச்சி அடைச்சி ஈக்கிறாங்களான்னும் பாருங்க. அடைச்சிருந்தா சுவருக்குப் பின்னால தண்ணி தேங்கித் தேங்கி ஒரு நாளைக்கு வயிறு தள்ளும்.

வரிசை வீடுன்னு சொன்னீங்க. அப்ப ரெண்டு வீட்டுக் கூரையும் சேர்ற இடத்துல பீலி ஈக்கும், அது ஒழுகினா மரம் போச்சு. கறையான் மண்கோடு சுவர்ல ஏறி ஈக்கான்னு வளை மரம் சுவர்ல குந்துற இடத்துல டோர்ச் அடிச்சிப் பாருங்க. முதிரை மரம்ன்டா கவலையில்ல, பொறகு மாத்தின மரம்ன்டாத்தான் கவலை.

கடைசியா, பக்கத்துல வெறும் காணி ஈக்கா? ஈந்தா நாளைக்கு அங்க மாடி வரும், அத்திவாரத்துக்கு பைல் அடிப்பாங்க, கபொக் சுவர் அதிர்ச்சி தாங்காது. இப்பவே எல்லாச் சுவரையும் திகதி விழற மாதிரி ஃபோட்டோ எடுத்து வெச்சிக்கோங்க, வெடிப்பு வந்தா பேசறதுக்கு அதுதான் சாட்சி.

---

கறுப்புக் கோட்டு:

சுவர் பார்க்கிறதுக்கு முதல் காணி உறுதியைப் பாருங்கோ. நான் நொத்தாரிசு வேலை செய்யிற ஆள், இது பொதுவான தகவல்தான், உங்கட ஆவணத்தை ஒரு சட்டத்தரணி கையில எடுத்துப் பார்த்தால்தான் சரியாச் சொல்லலாம்.

விலை குறைவு எண்டதுக்கு அந்தப் பக்கத்தில வழமையா ரெண்டு காரணம் இருக்கும். ஒண்டு, பிரிபடாத பங்கு. தாத்தா இறந்து, பிள்ளைகள் ஏழு பேர், அதில மூண்டு பேர் வெளிநாட்டில, ஒராள் ஆர் எண்டே தெரியாது, விக்கிறவருக்கு உண்மையில ஏழில ஒரு பங்குதான் இருக்கும். அதை வாங்கினால் நீங்கள் வீட்டை வாங்கேல்ல, ஒரு வழக்கை வாங்கியிருக்கிறீங்கள். பாகப்பிரிவினை வழக்கு புதுக்கடையில எவ்வளவு காலம் இழுபடும் எண்டு நானா வீட்டு ஜன்னலால பார்த்தே சொல்லுவார். காணிப் பதிவகத்தில ஆகக்குறைஞ்சது முப்பது வருசத்துக்குப் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கோ.

மற்றது பழைய வாடகைக்காரர். 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள்ள வாற குடியிருப்பாளரை விலை கொடுத்து வாங்கின புது உரிமையாளரும் இலேசில எழுப்பேலாது. வாடகைக்காரர் இறந்தாலும் அவரோட அங்க இருந்த மனைவி பிள்ளைகளுக்கு அந்த உரிமை போகலாம். நீங்கள் பார்த்த வீட்டில பின் அறை ஏதாவது பூட்டிக் கிடந்ததோ? அது ஆற்றை எண்டு கேளுங்கோ. "சாமான் போட்டு வச்சிருக்கிறம்" எண்ட பதிலோட திருப்திப்படாதேங்கோ.

கனடாக்காரர் விக்கிறது எண்டால் இங்க கையெழுத்துப் போடுறவரிட்ட அற்றோணித் தத்துவம் இருக்கவேணும். அது பதிஞ்சதோ, அதில விக்கிற அதிகாரம் எழுதியிருக்கோ, தந்தவர் இப்பவும் உயிரோட இருக்கிறாரோ எண்டதையும் உறுதிப்படுத்துங்கோ, தந்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் முடிஞ்சுது. வீடியோ கோலில ஒருக்கா முகத்தைப் பாத்துக் கதைக்கிறதில குறையில்ல.

மாநகர சபையில எடுக்கவேண்டியது உரித்துச் சான்றிதழ், வீதிக்கோட்டுச் சான்றிதழ், சுவீகரிக்கேல்ல எண்ட சான்றிதழ். வீதிக்கோடு முக்கியம், ஏனெண்டால் அந்த ஒழுங்கைகளில கோடு பல இடத்தில விறாந்தைக்குள்ளால போகும், இருக்கிற மட்டும் இருக்கலாம், இடிச்சுக் கட்டப் போனால் உள்ளுக்கத் தள்ளித்தான் கட்ட விடுவாங்கள். ஆறு பேர்ச்சுக்குக் குறைஞ்ச துண்டு எண்டால் புதுசாக் கட்ட அனுமதி எடுக்கிறதும் சிக்கல், அதையும் வாங்க முன்னம் கேளுங்கோ. சோலைவரி நிலுவை இல்லை எண்ட ரசீதையும் வாங்குங்கோ. முழு வருச வரியையும் ஜனவரி 31க்கு முதல் கட்டினால் பத்து வீதம் கழிவு, அது பிறகு உங்களுக்குப் பிரயோசனப்படும்.

மாத்த விடுவாங்களோ எண்டு கேட்டீங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தின கட்டடங்கள் தொல்பொருள் சின்னத்துக்குள்ள வரும், அதுக்குப் பிந்தினதெண்டாலும் நூறு வருசம் கடந்திருந்தால் பாதுகாக்கப்பட்டதாகப் பிரகடனப்படுத்தலாம். அந்த ஒழுங்கை வீடுகள் அநேகமா வெள்ளைக்காரர் காலத்தவை. எண்டாலும் பக்கத்தில வுல்ஃபெண்டால் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதால பெரிய மாற்றம் எண்டால் திணைக்களத்தையும் கேட்டுத்தான் செய்யவேணும். குசினி மாத்திறது, பாத்ரூம் போடுறது இதுக்கெல்லாம் ஒருத்தரும் வந்து நிக்கப்போறதில்ல.

முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு மூண்டு வீதம், மிச்சத்துக்கு நாலு வீதம். அது வாங்கிறவர் தலையில, பேரம் பேசேக்க மனசில வையுங்கோ.

---

வத்தளைக்கு மாறினவள்:

எல்லாரும் நல்லதாவே சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். கலியாணம் முடிச்சு அந்த மேட்டுலதான் இருந்தேன், பிள்ளை பொறந்த பிறகு வத்தளைக்கு வந்துட்டோம். வீடு அழகுதான், நடுமுத்தம் அழகுதான், ஆனா அந்த முத்தத்து வழியாத்தான் மழை, நுளம்பு, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாம் வரும். டெங்கு நேரத்துல பீலில இலை அடைச்சுத் தண்ணி நிக்குதான்னு ஏறிப் பாக்க வேண்டியதும் நாமதான், பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்துட்டு நோட்டீஸ் குடுப்பார்.

வாகனம் இருக்கா அக்கா உங்களுக்கு? இருந்தா வேற இடம் பாருங்க. ரோட்டுல விட இடமில்ல, மாசக் காசுக்கு வேற எங்கயாவது விட்டுட்டு பிள்ளையையும் பையையும் தூக்கிக்கிட்டு மழையில ஏறணும். ராத்திரி ஹார்பருக்குப் போற கொன்டெய்னர் சத்தம் கீழ்ப் பக்கத்து வீடுகளுக்கு விடியும் வரைக்கும் கேக்கும். எந்த வீட்டுல என்ன கறின்னு ஒழுங்கை முழுக்கத் தெரியும், சுவர் தடிப்பா இருந்தாலும் கூரை ஒண்ணுதானே, கதைக்கிறது மேல வழியா அடுத்த வீட்டுக்குப் போகும், மாமியாரைப் பத்தி பேசுறதா இருந்தா கோவிலுக்குப் போற வழியில பேசுங்க.

இதையும் சொல்லணும், பிள்ளைக்கு காய்ச்சல்னு நடுச்சாமத்துல ஓடினப்ப த்ரீவீல் பிடிச்சுக் குடுத்தது, கூட வந்தது, திரும்பி வரும்வரைக்கும் வாசல்ல இருந்தது எல்லாம் அந்த ஒழுங்கை ஆக்கள்தான், அதுல தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் இருந்தாங்க. இங்க வத்தளைல பக்கத்து வீட்டுக்காரர் பேரு எனக்கு இன்னும் தெரியாது.

---

கொட்டாஞ்சேனை பொடியன்:

வத்தளை அக்கா, வத்தளைலயும் மழைக்கு வெள்ளம் நிக்குதே, அதையும் சொல்லுங்க. பார்க்கிங் விசயம் மட்டும் ஒத்துக்கிறேன். ஆனா கோட்டைல வேலைன்னா அவங்க அண்ணனுக்கு வாகனமே தேவையில்லையே, கெய்மன்ஸ் கேட் மணிக்கோபுரத்தடியால இறங்கி மெயின் வீதி புடிச்சா நடந்தே போயிடலாம், காலையில கோல் ரோட்டுல நிக்கிற நேரத்துல இங்க ஒபிசுக்குப் போய் டீ குடிச்சிருப்பாரு.

---

தாவடி மருமகள்:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதினதுக்கு மிச்சம் நன்றி. நேற்றுப் பின்னேரம் நல்ல மழை, அதுக்குள்ளயே ஓட்டோவில போய்த் திரும்பப் பாத்தனாங்கள், இவர் பேசிக்கொண்டுதான் வந்தவர். வாசப்படி ரோட்டை விட ரெண்டு படி உயரம், தண்ணி உள்ளுக்க வரேல்ல. ஆனா நானா சொன்ன மாதிரி மேல் பக்கத்து அறையில அலுமாரியைத் தள்ளச் சொன்னன், பெடியன் முதல் மழுப்பினவர், பிறகு தள்ளினால் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து பெயின்ட் எல்லாம் கழண்டு கிடக்கு. பின் அறை பூட்டித்தான் இருந்தது. ஆற்றை எண்டு கேட்டதுக்கு "அது ஒரு ஆச்சி, இப்ப மகளோட நீர்கொழும்பில" எண்டார். வாடகை கட்டுறவவோ எண்டு கேக்க "சின்னக் காசு ஒண்டு அனுப்புறவா" எண்டார். கறுப்புக் கோட்டுக்கு இது காணும் எண்டு நினைக்கிறன்.

அதால வாங்கிற கதையை இப்ப விட்டிட்டம். நொத்தாரிசு எழுதுற குத்தகையா ரெண்டு வருசத்துக்கு எடுக்கேலுமோ எண்டு கேட்டிருக்கிறம், அந்தச் சுவரை அவை செய்து தரவேணும் எண்டும், பின் அறைக்காரரின்ர விசயத்தை எழுத்தில போடவேணும் எண்டும் சொல்லியிருக்கிறம். கனடாக்காரரோட ஞாயிற்றுக்கிழமை கதைக்கிறம். வாகனம் இல்லை எங்களிட்ட. அம்மா ஜிந்துப்பிட்டிக்கு வர ஓம் எண்டிட்டா, கோயிலுக்கு மட்டும்தான் எண்டும் சொல்லிப்போட்டா.

நானா, சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச பாஸ் ஆரையும் தெரியுமோ? அவை சீமெந்துக்காரனைக் கூட்டிக்கொண்டு வரமுன்னம் நாங்களே ஒராளைச் சொல்லவேணும்.

---

புதுக்கடை நானா:

ஒருத்தர் ஈக்கிறார், வயசான ஆள், மிச்சம் மெதுவாத்தான் செய்வார், அவசரப்படுத்தினா விட்டுட்டுப் போயிடுவார். நம்பர இங்க போடேலாது, இன்பொக்ஸ் பாருங்க. குத்தகைல கையெழுத்து வெச்ச பொறகு கூப்பிடுங்க, அதுக்கு முந்தி வேணாம்.

---

கறுப்புக் கோட்டு:

குத்தகையில சுவர் திருத்தத்துக்கு ஒரு திகதி போடுங்கோ. திகதி இல்லாட்டி ரெண்டு வருசமும் அலுமாரிதான் நிக்கும்.